குடத்தில் உங்கள் ஓலை எத்தனை?

வேலைத் தேர்வு, நிராகரிப்பு, அதிர்ஷ்டம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஆளெடுப்புப் பணியில் நீண்ட அனுபவமுள்ள எங்கள் குழுவினர் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை 14 இன்டர்வியூ. மூன்று இடத்தில் கடைசி ரவுண்டு வரை போய்த் திரும்பினேன். "உனக்கு நேரம் சரியில்லப்பா" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வேலை கிடைப்பது நிஜமாகவே அதிர்ஷ்டம்தானா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. இல்லவே இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்றினால் அது பொய். ஆனால் அது எந்த இடத்தில் உள்ளே வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 920ஐ ஒட்டியது. ஊரை நிர்வகிக்கும் குழுவான வாரியத்துக்கு ஆள் எடுத்த முறையை அது சொல்கிறது. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது எனத் தகுதிகள் வரிசையாக வருகின்றன. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. இந்தச் சல்லடையில் தேறியவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். முதல் பாதி தகுதி, இரண்டாம் பாதி குலுக்கல். இன்றைய ஆளெடுப்பும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. ஒரு வித்தியாசம், இரண்டாம் பாதியில் குலுக்கல் இருப்பதை யாரும் உங்களிடம் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு இன்டர்வியூவில் தேர்வாக உங்களுக்கு நூற்றுக்குப் பத்து வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். உங்களைப் போலவே தகுதியுள்ள 100 பேர் ஆளுக்கு 14 இன்டர்வியூ போனால், அவர்களில் 23 பேர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார்கள். அந்த 23 பேரிடமும் குறை இருந்தாக வேண்டியதில்லை. அதே வாய்ப்பை நூற்றுக்குப் பதினைந்தாக்கினால் வெறுங்கையோடு நிற்பவர்கள் பத்துப் பேர்தான். இருபதாக்கினால் நான்கே பேர். உங்கள் தரப்பில் கொஞ்சம் கூட்டினாலே அதிர்ஷ்டத்தின் கை இந்த அளவுக்குக் கட்டப்படுகிறது. கூட்ட வேண்டியது எதை என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வரி: தேதி, நிறுவனம், வேலை, யார் மூலம் போனது, எந்தக் கட்டத்தில் நின்றது. முப்பது இடத்துக்கு அனுப்பி இரண்டு அழைப்புகூட வரவில்லை என்றால் கோளாறு ரெஸ்யூமேயில். விளம்பரத்தில் கேட்ட மென்பொருள், இயந்திரத்தின் பெயர் எல்லாம் அதே எழுத்தில் உங்கள் முதல் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். ஃபைலைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் பாருங்கள். எழுத்து நகலாகவில்லை என்றால் அது படமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். அழைப்பு வந்து முதல் ரவுண்டிலேயே நின்றுபோகிறது என்றால் அடிப்படையில் ஓட்டை. மெக்கானிக்கல்காரர்களை வெர்னியர் என்ற அளவுக் கருவியின் லீஸ்ட் கவுன்ட், அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, கேட்டே திருப்பி அனுப்புகிறார்கள். 0.02 மில்லிமீட்டர் என்று மனப்பாடமாகச் சொல்பவரிடம் கருவியைக் கையில் கொடுத்து ஒரு ஷாஃப்டை அளக்கச் சொன்னால் தடுமாறுகிறார். பழைய கல்லூரி லேபிலோ தெரிந்தவர் பட்டறையிலோ ஒரு நாள் நின்று பத்துப் பொருளை அளந்து பாருங்கள்.

நீங்கள் மூன்று முறை கடைசி ரவுண்டு வரை போயிருக்கிறீர்கள். அப்படியானால் சல்லடையில் தேறிவிட்டீர்கள், குடத்துக்குள் உங்கள் ஓலை விழுந்துவிட்டது. கடைசி ரவுண்டில் தொழிற்சாலைகள் பார்ப்பது வேறு: ஷிஃப்டுக்கு வருவாரா, ஆறு மாதத்தில் ஐ.டி.க்கு ஓடிவிடுவாரா, ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ தினமும் எப்படி வருவார். "பார்த்துக்கலாம் சார்" என்ற பதில் இங்கே உங்களைக் கவிழ்க்கும். போவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் பஸ் எந்த வழியாக வருகிறது, நைட் ஷிஃப்டுக்கு எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் விசாரித்து வைத்துக்கொண்டு, "தாம்பரத்தில் ஏறிக்கொள்கிறேன், மூன்று ஷிஃப்டும் சம்மதம்" என்று சொல்லுங்கள்.

இன்னொரு வேலை: இன்டர்வியூ முடிந்து அரை மணி நேரத்துக்குள், பஸ் ஏறும் முன், எதிரில் உள்ள டீக்கடையில் நின்றபடியே, கேட்ட கேள்விகளை எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் தவறிய கேள்வி மட்டும்தான் மனதில் நிற்கும். சரியாகச் சொன்னது மறந்துவிடும். பிறகு எல்லாமே தோல்வி போலத் தோன்றும்.

கேள்வி: மகளுக்கு வெள்ளிக்கிழமை 11 மணிக்கு இன்டர்வியூ. அது ராகு காலம். நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?
— வாசகி, வில்லிவாக்கம்

பதில்: கேட்க வேண்டாம், அம்மா. பேனலில் இருப்பவர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒரு நாள், சில சமயம் அரை நாள் மட்டுமே உட்காருகிறார்கள். மாற்றக் கேட்டால் "பிறகு சொல்கிறோம்" என்பார்கள், அந்தப் பிறகு வராமலே போகலாம். பரீட்சை, காய்ச்சல் என்றால் மட்டும் கேட்கலாம். அதுவும் முதல் நாளே, வேறு இரண்டு நேரங்களை நீங்களே சொல்லி.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்குகிறது. அதற்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தானே. மகள் ஒன்பது மணிக்கே கிளம்பட்டும். உங்கள் மனமும் நிறையும், அவளுக்கும் அதுதான் தேவை. பெரிய கட்டடங்களில் கேட்டில் பெயர் எழுதி, அடையாள அட்டை காட்டி, படம் எடுத்து, பாஸ் வாங்கி, லிஃப்டுக்கு வரிசையில் நின்று மேலே போகவே 20 நிமிடம் ஆகிவிடும். 11 மணி இன்டர்வியூவுக்குக் கேட்டில் 10.25க்கு நிற்பவள் பதற்றமில்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவாள். ஒன்றே ஒன்று: "நேரம் சரியில்லையே" என்ற பேச்சு அவள் காதில் விழ வேண்டாம். முதல் கேள்வியில் சற்றுத் தடுமாறினாலும் அது நினைவுக்கு வந்து, இரண்டாவது கேள்வியையும் கெடுத்துவிடும்.

கேள்வி: சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு நானும் கல்லூரித் தோழியும் ஒரே நாளில் போனோம். இரண்டு பேருமே வேறு கம்பெனியில் வேலையில் இருக்கிறோம். எனக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருந்தது. அவள் இரண்டு கேள்விக்குத் தெரியாது என்றாளாம். அவளை எடுத்துக்கொண்டார்கள். இதில் என்ன நியாயம்?
— வாசகி, வேளச்சேரி

பதில்: உங்களுக்குத் தெரியாத ஒரு தாள் அந்த மேசையில் இருந்தது. அதில் ஐந்தாறு வரிகள்: தொழில் அறிவு, சிக்கலைப் பிரித்துப் பார்க்கும் விதம், பேச்சுத் தெளிவு, குழுவோடு ஒத்துப்போவது, எப்போது சேர முடியும், எதிர்பார்க்கும் சம்பளம். முதல் நான்குக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஒருவர் நான்கு போட்ட இடத்தில் பக்கத்தில் இருப்பவர் மூன்று போடுவார். இரண்டையும் சேர்த்துச் சராசரி மூன்றரை வந்தால் அடுத்த கட்டம். அரை மதிப்பெண்ணில் ஒருவர் வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகிறது. அந்த அரை மதிப்பெண், மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்தீர்களா, உங்களுக்கு முன் வந்தவர் மிகப் பிரமாதமாகப் பேசிவிட்டுப் போனாரா என்பதைப் பொறுத்தும் மாறும். இது அதிர்ஷ்டம். உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் தாளின் கடைசி இரண்டு வரிகள் அதிர்ஷ்டமில்லை. இரண்டு பேரும் ஏறக்குறைய சமம் என்றால், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய கம்பெனியில் இருக்க வேண்டிய காலம்) 90 நாள் உள்ளவரை விட்டுவிட்டு 15 நாளில் சேருபவரை எடுப்பார்கள், ஏனென்றால் வேலை அடுத்த மாதமே தொடங்குகிறது. "90 நாள்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எத்தனை நாள் லீவு மீதி இருக்கிறது, பணம் கட்டி முன்கூட்டியே விடுபட உங்கள் கம்பெனி அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, "நடைமுறையில் 45 நாளில் வர முடியும்" என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

தோழி "தெரியாது" என்றது அவளுக்குச் சாதகமாகவே அமைந்திருக்கலாம். டெஸ்டிங்கில் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுபவர்தான் ஆபத்து. "தெரியாது, ஆனால் இப்படித் தேடிப் பார்ப்பேன்" என்று சொன்னால் முழு மதிப்பெண் தருபவர்கள் உண்டு.

இன்டர்வியூ என்ற கருவியே அவ்வளவு துல்லியமானதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இன்டர்வியூ மதிப்பெண்ணுக்கும் பிறகு வேலையில் காட்டும் திறமைக்கும் உள்ள தொடர்பை, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022இல் மறுபடி கணக்கிட்டார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் அச்சுப் பிசகாத கணிப்பு. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று நடத்தும் இன்டர்வியூவுக்குக் கிடைத்தது 0.42. அவரவர் மனம்போன போக்கில் கேட்பதற்கு 0.19 மட்டுமே. அமெரிக்காவின் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரியில் 1979இல் நடந்தது இன்னும் கண்ணைத் திறக்கும். இன்டர்வியூ வைத்து 150 பேரை எடுத்த பிறகு, கூடுதலாக 50 பேரைச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. நல்லவர்கள் எல்லாம் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டதால், இன்டர்வியூ தரவரிசையின் அடியில் இருந்தவர்களைத்தான் எடுக்க முடிந்தது. படிப்பு முடிந்தபோதும், அதற்கு அடுத்த ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியின் முடிவிலும் பார்த்தால், அந்த 50 பேருக்கும் முதலில் எடுத்தவர்களுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசமே இல்லை. இந்த முடிவு 1987இல் வெளியானது. உங்களை எடுக்காதவர்கள் உங்கள் திறமையை அளந்து முடித்துவிட்டதாக நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

கேள்வி: ஆன்லைன் இன்டர்வியூ நடுவில் கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தும் இணைப்பு அறுந்தது. பிறகு அவர்கள் கூப்பிடவே இல்லை. இதை அதிர்ஷ்டக்கேடு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?
— வாசகர், பெரம்பூர்

பதில்: பாதி அதிர்ஷ்டக்கேடு. மீதியைத் தடுக்கலாம். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும், ஆனால் சுவரில் மாட்டிய வைஃபை பெட்டி கரண்ட் போன நொடியே செத்துவிடும். நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தப் பெட்டிக்கென்றே சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால், தொடங்கும் முன்பே மொபைல் ஹாட்ஸ்பாட்டை ஒரு முறை லேப்டாப்போடு இணைத்துப் பார்த்து வைத்துவிடுங்கள், கடவுச்சொல் தேடும் நேரம் மிச்சம். வீட்டு இணைப்பும் மொபைலும் வேறு வேறு நிறுவனமாக இருந்தால் இன்னும் நல்லது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை இருக்கும், முதல் நாளே செய்தித்தாளில் பகுதிவாரியாக வந்துவிடும். உங்கள் தெரு அதில் இருந்தால் அன்று நண்பர் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஹெச்.ஆர். எண்ணைக் கையால் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். இணைப்பு அறுந்தால் இரண்டு நிமிடத்துக்குள் "கரண்ட் போய்விட்டது, மொபைல் வழியாக ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று செய்தி போக வேண்டும். திரும்பச் சேரும்போது வீடியோவை அணைத்துவிட்டுப் பேச அனுமதி கேளுங்கள், குரல் தெளிவாகப் போகும். சேதி இல்லாமல் அரை மணி நேரம் போனால், எதிர்முனையில் நீங்கள் ஓடிப்போனவராகத்தான் பதிவாவீர்கள். இப்போதும் காலம் போகவில்லை, நடந்ததை மூன்று வரியில் எழுதி மறுவாய்ப்பு கேளுங்கள்.

கேள்வி: சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். நேர்முகத் தேர்வில் எந்த போர்டு, அதாவது கேள்வி கேட்கும் குழு, கிடைக்கும் என்பதே விதி என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், அண்ணா நகர்

பதில்: போர்டுக்கு போர்டு மதிப்பெண் போடும் கை மாறும், அதை மறுக்க முடியாது. ஆனால் அளவைப் பாருங்கள். மெயின்ஸ் எனும் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275, மொத்தம் 2025. நூற்றுக்கு 13.6தான் நேர்முகம். கட்டுரைத் தாள் ஒன்றே 250 மதிப்பெண். போர்டை மாற்ற உங்களால் முடியாது, கட்டுரையில் 30 மதிப்பெண் கூட்ட முடியும்.

இந்த அச்சம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 என்று வைத்து, ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் பேசி அனுப்பினார்கள். அஜய் ஹாசியா வழக்கில் 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. மத்திய அரசின் குரூப் சி, கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க விரும்புபவர்கள் அந்தத் தேர்வுகளையும் சேர்த்து எழுதுவது புத்திசாலித்தனம்.

நேர்முகத்துக்குத் தயாராவதென்றால் நீங்கள் நிரப்பிக் கொடுத்த விரிவான விண்ணப்பத்தில் தொடங்குங்கள். சொந்த மாவட்டம், படித்த பாடம், பொழுதுபோக்கு என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பத்துக் கேள்வி நீங்களே எழுதிப் பதில் தேடுங்கள். செஸ் என்று எழுதிவிட்டு 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட் பற்றித் தெரியாமல் நின்றால், எந்த போர்டாக இருந்தாலும் குறைத்துத்தான் போடும்.

கேள்வி: ஒன்றரை லட்சம் கொடுத்தால் வேலை உறுதி, இன்டர்வியூ வெறும் சடங்கு என்கிறது ஒரு கன்சல்டன்சி. கொடுக்கலாமா?
— வாசகர், ஆவடி

பதில்: கூடாது. முறையான கன்சல்டன்சி ஆள் எடுக்கும் நிறுவனத்திடம்தான் கட்டணம் வாங்கும். ஆஃபர் லெட்டர் கையில் இருந்தால், நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள், கடிதத்தில் அச்சிட்ட எண்ணில் வேண்டாம். பணம் அனுப்பிவிட்டிருந்தால் இந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

கேள்வி: "ரிசல்ட் சொல்கிறோம்" என்று சொல்லி ஆறு வாரம் ஆகிறது. திரும்பத் திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?
— வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அவர்கள் தேதி சொல்லியிருந்தால் அது கழிந்து இரண்டு வேலை நாள், சொல்லாவிட்டால் ஏழு வேலை நாள் பொறுத்து ஒரு மின்னஞ்சல். பத்து நாள் கழித்து இன்னொன்று. அதோடு நிறுத்திவிடலாம். நீளமாக வேண்டாம். வேலையின் பெயர், இன்டர்வியூ தேதி, "இந்த இடம் இன்னும் காலியாக உள்ளதா?" என்ற ஒரே கேள்வி. ஆமாம் இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற கேள்விக்குத்தான் பதில் வரும்.

"ஹோல்டில் இருக்கிறது" என்றால் பெரும்பாலும் பட்ஜெட் நின்றுவிட்டது என்று பொருள், உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிராகரித்துக் கடிதம் வந்தால் அன்றே ஒரு நன்றி வரி அனுப்பிவிடுங்கள். தேர்வானவர் கடைசி நாளில் சேராமல் போவது மிகச் சாதாரணம். அப்போது ஹெச்.ஆர். மறுபடி விளம்பரம் கொடுக்க மாட்டார், பட்டியலில் இரண்டாவதாக இருப்பவரை அழைப்பார். அந்த அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வரும், எடுங்கள்.

கேள்வி: தம்பிக்கு வேலை போய் எட்டு மாதம். ஒவ்வொரு இன்டர்வியூ தோல்விக்கும் பிறகு இரண்டு நாள் அறையை விட்டு வருவதில்லை. இப்போது சாப்பாடும் குறைந்துவிட்டது. என்ன செய்யட்டும்?
— ஒரு அக்கா, கொளத்தூர்

பதில்: சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், வேலை கிடைத்ததும் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தம்பி பேச மறுத்தால் முதலில் நீங்கள் பேசி வழி கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற தொனியில் ஏதாவது சொன்னால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

வேலை தேடுவதை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கச் சொல்லுங்கள், காலை பத்து முதல் ஒன்று வரை. மதியத்துக்கு மேல் வேலைத் தளங்களைத் திறக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் பழைய சக ஊழியர் ஒருவருக்கு போன் செய்து பேசட்டும். ரெஃபரல், அதாவது உள்ளே வேலை செய்பவரின் பரிந்துரை, கிடைத்தால் வடிகட்டும் மென்பொருளைத் தாண்டி நேராக ஒரு மனிதரின் கைக்கு ரெஸ்யூமே போகும். எட்டு மாத இடைவெளி பற்றிக் கேட்டால் "டீமையே கலைத்துவிட்டார்கள், அதன் பிறகு இதைக் கற்றேன்" என்று நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழக்குங்கள். பத்து முறை வாய்விட்டுச் சொன்னால்தான் குரல் உடையாமல் வரும். அவன் முன்னால் நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

இன்டர்வியூ முடிந்து அவன் வீட்டுக்கு வரும்போது வாசலிலேயே "என்னாச்சு?" என்று கேட்க வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். தட்டு வைத்துச் சோறு போடுங்கள். அவனே சொல்வான்.